நான்காவது டம்ளர்

மார்ச் பதினொன்று, செவ்வாய்க்கிழமை, காலை ஒன்பது நாற்பது: மருத்துவமனையின் தரைத்தளத்தில், எம்.ஆர்.ஐ. அறைக்கு வெளியே, ஒருவர் தன் எட்டு வயது மகளோடு காத்திருக்கிறார். குடலில் வீக்கம் இருந்தால் படத்தில் தெரிய வேண்டும். அதற்கு அவள் நான்கு டம்ளர் மருந்துத் தண்ணீர் குடித்துக் குடல் விரிந்திருக்க வேண்டும். படம் தெளிவாக வராவிட்டால், மயக்க மருந்து கொடுத்துக் குழாய் விட்டுத்தான் பார்ப்பார்கள். சுவருக்கு அப்பால் இயந்திரம் விடாமல் தட்டிக்கொண்டிருக்கிறது. மகள் வயிற்றைப் பிடித்தபடி குனிந்திருக்கிறாள். நர்ஸ் கதவைத் திறந்து பெஞ்சில் இருக்கும் டம்ளர்களைப் பார்க்கிறார். "அட, நாலும் காலி! சமத்துக் குட்டி. வா, போலாம்." மகள் அப்பாவைப் பார்க்கிறாள். அப்பா தரையைப் பார்க்கிறார். அவர் மீசை ஓரம் பிசுபிசுக்கிறது. "சிஸ்டர்... கடைசி டம்ளரை நான் குடிச்சிட்டேன். வாந்தி வருதுன்னு அழுதா, மனசு கேக்கல." "ஸ்கேன் உங்களுக்கா சார், பாப்பாவுக்கா?" நர்ஸ் சிரிக்கவில்லை. கடிகாரத்தைப் பார்த்துவிட்டு இன்னொரு டம்ளரை விளிம்புவரை நிரப்பி நீட்டுகிறார். "காட்டிக் குடுத்துட்டியேப்பா," என்கிறாள் மகள். மூக்கைப் பொத்திக்கொண்டு மடக்கு மடக்காக விழுங்குகிறாள். பாதியில் குமட்டுகிறது, அப்பா டம்ளரைப் பிடித்துக்கொள்கிறார். அவள் கண்ணை இறுக மூடி மீதியையும் குடித்துவிடுகிறாள். பத்தரைக்கு அவளை உள்ளே அழைத்துப்போகிறார்கள்.