கை எட்டுகிற பாக்கெட்

தையல் கடைக் கண்ணாடிக்கு முன்னால், நாளை முதல் வழக்கை வாதாடப்போகிற வக்கீலம்மா புதுக் கறுப்புக் கோட்டோடு நிற்கிறாள். உடம்பு எல்லாரையும்போல வளர்ந்திருக்கிறது. கையும் காலும் மட்டும் நடுவழியிலேயே போதும் என்று நின்றுவிட்டன. தையல்காரர் எல்லாருக்கும் வெட்டுகிற மாதிரியே வெட்டி, கோட்டுக் கையில் மிஞ்சிய துணியை நுனியில் நறுக்கிவிட்டார். முழங்கைக்கு வைத்த வளைவு மணிக்கட்டில் வந்து, மாலை வெயிலில் பூனைபோலச் சுருண்டு படுத்திருக்கிறது.

"யாரும்மா இதையெல்லாம் பாக்கப்போறா?" என்கிறார், வாயில் குண்டூசியோடு. "ஜட்ஜ் பாப்பார்ணே. பிரிங்க." அவள் கையை நீட்டுகிறாள். தோளிலிருந்து முழங்கைக்கு ஓர் அளவு, அங்கிருந்து மணிக்கட்டுக்கு வேறோர் அளவு. நாடா சில்லென்று ஊர்கிறது. அடுத்தது பாக்கெட். அவள் விரல்நுனி இடுப்போடு நின்றுவிடுகிறது. பாக்கெட்டோ அதற்கும் ஒரு சாண் கீழே, அடுத்த ஊரில் இருக்கிறது. "ஏத்தி வெச்சா கோட்டோட லட்சணமே போயிடும்மா. பாக்கெட்டுன்னா அங்கதான்." "சரிண்ணே. அப்ப என் கை வளர்ற வரைக்கும் கேஸைத் தள்ளிவைக்கச் சொல்லிடவா?" குண்டூசி வாயிலிருந்து இறங்குகிறது. தையல் பிரிகிற சத்தம் கேட்கிறது. அவள் கண்ணாடியைப் பார்த்துத் தொண்டையைச் செருமிக்கொண்டு, "கனம் கோர்ட்டார் அவர்களே" என்று ஆரம்பிக்கிறாள்.