கூட்டத்தில் ஒரு விசில்

தில்லை நகர் மாடி வீட்டில் மூன்று மணி வெயில் சுழலும் இசைத்தட்டின் மேல் விழுந்து கிடக்கிறது. தமிழ்மணி இறந்து பதினேழு நாள் ஆகிறது. லண்டனில் படித்த காலத்தில் அவர் நேரில் நின்று கேட்ட நியூ வேவ் ராக் கச்சேரியின் பதிவு அது. நாலாம் பாட்டு முடிந்து கூட்டம் ஆர்ப்பரிக்கையில் ஒரு விசில் நீளமாக எழுகிறது. "அது நான்தான்" என்று அவர் நாற்பது வருஷமாகச் சொன்னதை மனைவி வேணி ஒருநாளும் நம்பியதில்லை.

"அப்பாதானேம்மா?" மகள் இளவேனிலின் குரல் உடைகிறது.

"அவர்தான்" என்கிறாள் வேணி. கண் காய்ந்தே இருக்கிறது. கையிலிருக்கும் காபியில் ஆடை படிந்துவிட்டது. அடுத்த பாட்டின் டிரம்ஸ் ஜன்னல் கண்ணாடியை அதிரவைக்கிறது.

"சத்தத்தைக் கொஞ்சம் குறைங்களேன்" என்கிறாள், உள்ளறையில் அவருடைய காலி நாற்காலிப் பக்கம் திரும்பி.

இளவேனில் எழுந்துபோய்க் குறைக்கிறாள்.