வலப்பக்கம் போன சீட்டு

மூன்றாவது தடவையும் கையைத் தூக்கியவர் அருள்தாஸ்தான்.

"சீட்டு தப்பா சுத்துது. கலைச்சி போட சொல்லுங்க."

சீட்டுப் போட்டவள் ஏஞ்சல் மேரி. பாகூர்ப் பக்கம் இருக்கிற இந்த ரிசார்ட்டில், போக்கர் மேஜையில் சீட்டுப் போடும் டீலர் வேலைக்கு அவள் ஒதியம்பட்டிலிருந்து வந்த முதல் நாள் இது. பணம் வைத்து ஆடுவதில்லை, பிளாஸ்டிக் சிப்ஸ்தான். சிப்ஸ் தீர்ந்தவர் எழுந்து போக வேண்டும், கடைசிவரை தாக்குப்பிடிப்பவருக்குக் கோப்பை.

மூன்று புகார் வந்தால் இன்றோடு சரி என்று சூப்பர்வைசர் நவீன்குமார் காலையிலேயே சொல்லியிருந்தார். போனால், மறுபடியும் ஜவுளிக் கடையில் பத்து மணி நேரம் கால் கடுக்க நிற்க வேண்டியதுதான்.

முதல் புகார், கை தவறி ஒரு சீட்டு முகம் தெரிய விழுந்ததற்கு. இரண்டாவது, ஜெயித்தவரின் சிப்ஸைப் பக்கத்தில் இருந்தவரிடம் தள்ளிவிட்டதற்கு. இரண்டையும் சொன்னவர் அருள்தாஸ். இரண்டு தடவையும், "பாவம், மொத நாளு, வுடுங்க சார்" என்று சிரித்தவர் எதிரே இருந்த ராஜேஷ். ஊரில் நல்லவர்களும் இருக்கத்தான் செய்கிறார்கள்.

இப்போது மூன்றாவது. போக்கரில் சீட்டு இடப்பக்கமாகச் சுற்ற வேண்டும். அவள் வீட்டில் கிறிஸ்துமஸ் லீவில் ஆடுகிற ஆட்டமெல்லாம் வலப்பக்கம். ஒரு மாதப் பயிற்சியில் பழகிய கை, பயத்தில் பழைய பக்கத்துக்கே போய்விட்டது.

ஆளுக்கு இரண்டு சீட்டு வந்து, எல்லோரும் எடுத்துப் பார்த்தாகிவிட்டது. இன்னும் யாரும் பந்தயம் கட்டவில்லை. கட்டிவிட்டால் அதன்பிறகு கலைக்க முடியாது. இந்த மனுஷன் அரை நிமிஷம் வாயை மூடிக்கொண்டு இருக்கக் கூடாதா?

வந்தது வந்தபடி ஆடலாமே என்றார் ராஜேஷ். மற்றவர்களும் தலையாட்டினார்கள்.

"தப்புன்னா தப்புதான்" என்றார் அருள்தாஸ்.

நவீன்குமார் வந்துவிட்டார். ஏஞ்சல் மேரியை எழுந்திருக்கச் சொன்னார். ராஜேஷ் செல்போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது இன்னாத்துக்கு எழுந்திருக்கணும்? சீட்டதான் கலைக்க சொன்னேன், ஆள மாத்த சொல்லல."

அதையும் அருள்தாஸ் சிடுசிடுப்பாகத்தான் சொன்னார். புகார் சொன்னவரே வேண்டாம் என்றபிறகு நவீன்குமார் என்ன செய்வார்? நகர்ந்துகொண்டார்.

ஏஞ்சல் மேரி கலைத்து, நிதானமாக இடப்பக்கம் போட்டாள். இந்தத் தடவை தப்பில்லை. அந்த ஆட்டத்திலேயே மிச்சமிருந்த சிப்ஸும் போய், அருள்தாஸ் எழுந்தார். அவள் பக்கம் திரும்பாமல் பைக் ஸ்டாண்டைப் பார்த்து நடந்தார். சொன்னால் பாவம், அவளுக்கு நிம்மதியாக இருந்தது.

டீ இடைவேளையில், அருள்தாஸுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து ஆடிய மஞ்சுளாவிடம் அதைச் சொல்லியும்விட்டாள். சனியன் தொலைந்தது என்று.

மஞ்சுளா டீ கிளாஸைக் கீழே வைத்தார்.

"நீ தப்பா போட்ட சீட்ட அவரு தூக்கிப் பாத்தாரு இல்ல, அப்ப என் கண்ணும் அந்தப் பக்கம் போயிடுச்சிம்மா. ரெண்டும் ஏஸ். இந்த ஆட்டத்துல அதுக்கு மேல சீட்டே கிடையாது. அத கையில வெச்சிகினுதான் கலைக்க சொன்னாரு."