கருங்காலிக்கு ஒரு சட்டை

"கருங்காலிக்கெல்லாம் எதுக்குச் சட்டை?"

சனிக்கிழமை மூவாரில் பழைய மாணவர் சந்திப்பு. அதற்காகத் தைத்த நீலச் சட்டைகளைச் செனாயில் இருக்கும் வீரமுத்துவின் வீட்டுக்குக் கொண்டுவந்திருந்தார் வகுப்புத் தோழி வாசுகி. ஒவ்வொரு சட்டையின் முதுகிலும் ஒரு பெயர். 'ருக்னுதீன்' என்பதைப் பார்த்ததும் வீரமுத்து அதை மட்டும் தனியே தள்ளிவிட்டு, மற்றவற்றை மடிக்க ஆரம்பித்தார்.

"நாப்பது வருஷம் ஆச்சுலா, முத்து. இன்னுமா?"

"நானூறு வருஷம் ஆனாலும் கருங்காலி கருங்காலிதான். அவன் வந்தா நான் வரல."

வீரமுத்து தொழிற்சங்கத்திலேயே தலை நரைத்தவர். மறியல், லாக்கப் எல்லாம் பார்த்தவர். ஆனால் அவருடைய முதல் போராட்டம் பள்ளியில் ஐந்தாம் படிவம் படிக்கும்போது நடந்தது.

பள்ளிக் கேண்டீன்காரர் ரப்பர் தோட்டத்துப் பிள்ளைகளை மட்டும் வரிசையின் கடைசியில் நிறுத்துவார். டவுன் பிள்ளைகள் வாங்கியது போக மிச்சம் இருந்தால்தான் அவர்களுக்கு. "இனி ஒருத்தரும் கேண்டீன் பக்கம் போகக் கூடாது" என்றார் வீரமுத்து. வகுப்பே அவர் பின்னால் நின்றது, ருக்னுதீனைத் தவிர. அவன் கேண்டீன்காரரின் அக்கா மகன்.

"ஒரு வாரம் நின்னோம், வாசுகி! அந்த ஆள் சோத்துல ஒரு பருக்கை எங்க வாயில படல. கடைசியில அவரே வரிசையை மாத்தினாரு. இவன் மட்டும் தெனமும் எங்க கண்ணு முன்னாடியே உள்ள போனான்."

"போய்த் தின்னதைப் பார்த்தியா?"

"பின்ன, கேண்டீனுக்குள்ள சாமி கும்பிடவா போவான்?"

வாசுகி சிரித்துவிட்டார்.

"பொந்தியான்ல அவன் சாப்பாட்டுக் கடைக்குப் போயிருந்தேன். நீ இன்னும் கோவமா இருக்கேன்னு சொன்னேன். 'அப்ப நான் வரல. முத்து இல்லாம என்ன கூட்டம்'னான்."

"மூஞ்சியைக் காட்ட வெக்கம். வேற என்ன?"

வாசுகியின் சிரிப்பு நின்றது.

"அந்த வாரம் நீங்கள்லாம் என்ன சாப்பிட்டீங்க?"

"நீதானே கொண்டாந்தே? உங்கம்மா கட்டிக் கொடுத்த நாசி லெமாக். அந்த மாதிரி தேங்காப்பால் சோறும் மொளகாய்ச் சம்பலும் நான் அப்புறம் எங்கயும்..."

"எங்கம்மா இருட்டோட பால்மரம் வெட்டப் போயிடுவாங்க. அத்தனை பேருக்கு யாரு ஆக்குவா?"

வீரமுத்து சட்டை மடிப்பதை நிறுத்தினார்.

"எல்லாம் அவன் மாமா கேண்டீன்ல ஆக்கினது. முன் வாசல்ல உள்ள போவான். பின் வாசல்ல நான் நிப்பேன். என் பை நெறைய பொட்டலத்தைத் திணிச்சு அனுப்புவான். கடைசி நாள் மாமாகிட்ட மாட்டி பெல்ட் அடியும் வாங்கினான்."

வீரமுத்து வயிறு குலுங்கச் சிரிக்க ஆரம்பித்தார்.

"அலமாக்! என் முதல் போராட்டமே எதிராளி சோத்துலதான் நடந்திருக்கு!"

சிரிப்பு அடங்க வெகுநேரம் ஆயிற்று. கண்ணைத் துடைத்துக்கொண்டு, தள்ளி வைத்திருந்த சட்டையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார்.

"சனிக்கிழமை நானே பொந்தியான் போய் அவனைக் கூட்டிக்கிட்டு வரேன். ஆனா வாசுகி, அன்னிக்கே ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே?"

"சொல்லியிருந்தா ரோஷத்துல பொட்டலத்தைத் தூக்கி எறிஞ்சிருப்பே. பசி தாங்காம பசங்க வரிசைக்குத் திரும்பியிருப்பாங்க."

"சரி, அப்புறமாவது? எத்தனை மேடையில அவனைக் கருங்காலின்னு பேசியிருக்கேன்!"

"சொல்லிடவான்னு நானும் அவன்கிட்ட கேட்டேன். 'முத்து பேச்சைக் கேட்டு எத்தனை பேரு எழுந்து நிக்கிறாங்க! அந்தக் கதைக்கு ஒரு கருங்காலி வேணும்லா. அது நானாவே இருந்துட்டுப் போறேன்'னான்."