கிரேன்காரனின் கண்

சிங்கப்பூர் செம்பவாங்கில் ஓர் அடுக்குமாடி புளோக்கின் கீழே அலோசியஸின் கையிலிருந்த, கோப்பி ஊற்றிக் கட்டிய பிளாஸ்டிக் பை தரையில் விழுந்து சிதறுகிறது. அதைத் திரும்பிப் பார்க்க அவருக்கு நேரமில்லை. கிரேன் கயிற்றில் ஒரு தண்ணீர்த் தொட்டி ஆடுகிறது. அதற்கு நேர் கீழே ஒரு தொழிலாளி குனிந்து கையுறை மாட்டிக்கொண்டிருக்கிறான். அலோசியஸ் பாய்ந்து அவன் காலரைக் கொத்தாகப் பிடித்து இழுத்து, சுவரில் மோதவிட்டு, கன்னத்தில் ஓங்கி அறைகிறார். ஹெல்மெட் கழன்று வெயிலில் உருண்டு ஓடுகிறது. “சாமானுக்குக் கீழ நிப்பியா? சாகுறதுக்கா பிளேன் ஏறி வந்தே?” கப்பல் பட்டறையில் அவர் கிரேன் வேலையைக் கவனித்த காலத்தில் இந்த அறைக்கு எவனும் வாய் திறந்ததில்லை. இவன் உதட்டு ரத்தத்தைத் துப்பிவிட்டு, “யார்யா நீ?” என்று அவர் நெஞ்சில் குத்துகிறான். அலோசியஸ் கொட்டிய கோப்பியில் மல்லாந்து விழுகிறார். கை தானாக நெஞ்சைத் தடவி விசிலைத் தேடுகிறது. சட்டைப் பொத்தான்தான் அகப்படுகிறது. போன மாதம்தான் பட்டறையில் பிரியாணி போட்டு, மாலை போட்டு, ஓய்வு கொடுத்து, விசிலையும் கேட் பாஸையும் வாங்கிக்கொண்டார்கள். கிரேனுக்குக் கை காட்டும், மஞ்சள் சட்டை போட்ட சிக்னல்காரன் ஓடி வருகிறான். “அங்கிள், நீங்க எந்த கம்பெனி? தள்ளிப் போங்க லா.” கிடந்தபடியே அலோசியஸ் கையை நீட்டி, விரலைக் கீழ்நோக்கிச் சுழற்றுகிறார். இறக்கு. சிக்னல்காரன் தன் விரலை மேல்நோக்கிச் சுழற்றுகிறான். கிரேன்காரனின் கண் கிழவரின் விரலைத் தாண்டி மஞ்சள் சட்டையில் போய் நிற்கிறது. தொட்டி மேலே ஏறுகிறது. கிரேனில் இருப்பவன் ஒருத்தன் கையைத்தான் பார்க்க வேண்டும், கடவுளே வந்து கை காட்டினாலும் திரும்பக் கூடாது என்று பட்டறையில் தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தான்.