பின்சீட்டில் மாமியார்

"நான் மெக்கானிக் ஷெட்டுக்குத்தான் போறேன் அத்தை. நீங்க எதுக்கு?"

"சும்மா வர்றேன் மாப்பிள்ளை" என்று மாமியார் பின்சீட்டின் இடது ஓரத்தில் ஏறி உட்கார்ந்துவிட்டார்.

அவனுக்கு எரிச்சல். நாளை மனைவி, இரண்டு குழந்தைகளோடு மலைக்குப் பயணம். சின்னக் கார், ஐந்தாவது ஆள் வந்தால் நெரிசல் என்று சொல்லாமல் சொல்லியும் இப்போதே இடம் பிடிக்கிறாரே! போதாததற்கு, அவர் ஏறினால் மட்டும் வேகத்தடையில் 'கிறீச்' என்று ஒரு சத்தம். "உங்கம்மா ஏறினா வண்டியே முனகுது" என்று மனைவியைச் சீண்டியிருந்தான்.

போன வாரம் தனியாக ஓட்டிப் பார்த்த மெக்கானிக், "சத்தமே இல்லையே சார்" என்றிருந்தார். இன்று ஷெட்டுக்குப் போனதும், மறுபடி ஓட்டிப் பார்க்கச் சாவியை வாங்கினார்.

"அத்தை, இறங்குங்க."

"மாட்டேன். அவர் ஓட்டட்டும்."

மாமியாரோடு ஒரு சுற்றுப் போய்வந்த மெக்கானிக், அவர் இறங்கியதும் வண்டியை ஜாக்கியில் ஏற்றிப் பின்சக்கரத்துக்குள் டார்ச் அடித்தார்.

"ஸ்பிரிங் உடைஞ்சிருக்கு சார். பாரம் ஏறினா உடைஞ்ச முனை டயர்ல உரசுது. மலையில டயரே கிழிஞ்சிருக்கும். 'நான் உக்காந்தாத்தான் உங்களுக்குச் சத்தம் கேக்கும், அதான் வந்தேன்'னு அம்மா சொன்னாங்க."

அவன் மாமியார் பக்கம் திரும்பினான். "நாளைக்கு நீங்களும் வாங்க அத்தை. எப்படியாவது இடம் பண்ணிக்கலாம்."

"ஐயோ, ரெண்டு வளைவு திரும்பினாலே எனக்குக் குமட்டும். நீங்க பத்திரமா போயிட்டு வாங்க. நான் வீட்டுல நிம்மதியா தூங்கறேன்."