ஏமன் மலைப் பாதை

மெல்லிய திரைக்கு அந்தப் பக்கம் அரபி உட்கார்ந்திருந்தார். இந்தப் பக்கம் நான், பூட்டிய டிரங்குப் பெட்டியின் அருகில்.

பெட்டியைக் கட்டச் சொன்னது என் அண்ணன் ஹுமாயூன். நாகூரிலிருந்து காலையில்தான் வந்து இறங்கியிருந்தான்.

"ஏமனாம் ஏமன்! உன் மாப்பிள்ளை எண்ணூரைத் தாண்டியிருப்பாரா? கப்பல்ல கரி அள்ளினப்ப கூட இருந்த ஆளே சொல்றான், அந்த நாட்டு மண்ணை இவரு மிதிச்சதே இல்லையாம். பொய் சொல்லி உன்னை ஏமாத்தியிருக்காரு, சாபிரா."

சொன்னதோடு நிற்கவில்லை. துறைமுகத்தில் நிற்கும் ஒரு கப்பலிலிருந்து ஏமன்காரர் ஒருவரைத் தேடிப் பிடித்து வீட்டுக்கே கூட்டி வந்துவிட்டான். என் வீட்டுக்காரர் தான் பார்த்ததைச் சொல்ல வேண்டும். அரபி ஆமாம் என்றால் நான் ராயபுரத்தில் இருக்கலாம். இல்லை என்றால் சாயங்கால ரயில்.

அண்ணன் ஒன்றை மட்டும் யோசிக்கவில்லை. வந்தவருக்குத் தமிழ் தெரியாது. அரபியும், கப்பல்காரர்கள் பேசும் இந்துஸ்தானியும்தான். அங்கே உட்கார்ந்திருந்த ஆண்களில் அவரோடு பேச முடிந்தவர் என் வீட்டுக்காரர் மட்டும்தான்.

போன வருஷம் எங்கள் பிள்ளை பிறந்து மூன்றாம் நாள் போய்விட்டது.

அதற்குப் பிறகு நான் வாசல்படியைத் தாண்டவில்லை. பேசவும் இல்லை. அவரும் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை.

ஒரு சாயங்காலம், நிலக்கரிக் கிடங்கிலிருந்து வந்து, கரி போகத் தேய்த்துக் குளித்துவிட்டு, என் செருப்பை எடுத்து வந்து காலடியில் வைத்தார்.

"போட்டுக்கோ. கல்லு பாதை கீது."

தான் கப்பலில் போய் வந்த ஏமனுக்கு என்றார். அறைக்குள்ளேயே, அவர் பேச்சிலேயே புறப்பட்டோம்.

முதல் நாள் ஏடன் துறைமுகம். மறுநாள் ஒட்டகச் சந்தை. அதற்கடுத்த நாள் பாறையைக் குடைந்து கட்டிய தண்ணீர்த் தொட்டிகள். பிறகு மலை. படிப்படியாகக் காப்பித் தோட்டம், மல்லிகை மாதிரி வெள்ளைப் பூ. ஏழு மாடி மண் வீடுகள், ஒவ்வொரு ஜன்னலிலும் நிறக் கண்ணாடி.

ஒரு நாளைக்கு ஒரு திருப்பம்தான். மேலே கேட்டால், "மூச்சு வாங்குது, குந்து" என்பார்.

மூன்றாம் மாதம் நான் அதே செருப்போடு குழாயடிக்குப் போனேன்.

நேற்று நடையை ஒரு கல் பாலத்தின் நடுவில் நிறுத்தியிருந்தார்.

"ஆரம்பிங்க மச்சான்" என்றான் அண்ணன்.

அவர் பேசத் தொடங்கினார். எப்போதும் மெல்லப் பேசுகிறவர், இன்று பக்கத்து வீட்டுக்குக் கேட்கிற மாதிரி பேசினார். அரபி எதிரே இருந்தார். ஆனால் என் வீட்டுக்காரரின் முகம் திரையைப் பார்த்தபடி இருந்தது.

பேசி முடித்தார். கொருக்குப்பேட்டைப் பக்கம் ஒரு கூட்ஸ் வண்டி நெடுநேரம் போய்க்கொண்டிருந்தது.

அரபி குனிந்து தன் கைகளையே பார்த்திருந்தார். கூட்ஸ் ஓய்ந்த பிறகு நிமிர்ந்து, மெதுவாக ஏதோ சொன்னார்.

"என்ன சொல்றாரு?"

"அல்லாம் கீதுன்றாரு மச்சான்."

"அம்புட்டு நேரம் பேசினதுக்கு இம்புட்டுத்தானா?" அண்ணன் தன் தவறை அப்போதுதான் கண்டுகொண்டான். "நீங்களே கேட்டு நீங்களே பதிலும் சொன்னா, இது என்ன பஞ்சாயத்து?"

திரைப் பக்கம் திரும்பினான்.

"சாபிரா, நீயே சொல்லு. இருக்கியா, வர்றியா?"

பெட்டியைத் திறந்து என் செருப்பை எடுத்தேன். போட்டுக்கொண்டேன்.

செருப்புச் சத்தம் கேட்டு அண்ணன் எழுந்தான். என் வீட்டுக்காரரின் தலை குனிந்தது.

அண்ணனுக்குத் தெரியாத ஒன்று உண்டு: எனக்கு இந்துஸ்தானி புரியும். உம்மா மௌத்தான பிறகு அவன் வாப்பாவோடு நாகூரில் வளர்ந்தான். என்னைப் பழைய வண்ணாரப்பேட்டையில் பெரியம்மா வளர்த்தாள், தெரு முழுக்க உருது பேசும் பிள்ளைகளுக்கு நடுவில். என் வீட்டுக்காரருக்கு அது தெரியும். குழாயடியில் நான் இந்துஸ்தானியில் போட்ட சண்டையைக் கேட்டுச் சிரித்தவர் அவர்.

அவர் அரபியிடம் சாட்சி எதுவும் கேட்கவில்லை.

"பாய், உங்கள் மண்ணில் நான் கால் வைத்ததில்லை. யுத்த காலம். எங்களைக் கரையில் இறங்க விடவில்லை. பதினோரு நாள் ஏடனுக்கு வெளியே கப்பலிலேயே கிடந்தோம். என்னோடு கரி அள்ளிய மலைக்காரன் காசிம், தன் ஊருக்குப் போகும் வழியைச் சொல்லிச் சொல்லி என்னை நடத்திக் கூட்டிப் போனான். அதைத்தான் என் மனைவிக்குச் சொன்னேன். நான் போனேன் என்றது பொய். அன்றைக்கு அவளுக்குக் கொடுக்க என்னிடம் வேறு எதுவும் இல்லை. நேற்று பாலம் வரை வந்திருக்கிறோம்."

இவ்வளவுதான் அவர் சொன்னது.

அரபி சொன்னது அதைவிடக் குறைவு.

"நான் கடற்கரைக்காரன். அந்த மலையை நானும் ஏறியதில்லை. சொல்லு, நானும் கூட வருகிறேன்."

செருப்புக் காலோடு பெட்டியின் மேல் உட்கார்ந்தேன். திரையை ஒரு விரல் அளவு விலக்கி, அவர்கள் பேசிய அதே பாஷையில் கேட்டேன்.

"பாலத்துக்கு அந்தப் பக்கம் ஏற்றமா, இறக்கமா?"